ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட்டில் மங்கோலியா

தலையில் குரங்குக் குல்லா, உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், தோளில் ஒரு முழுப் பலாப்பழம். ஆடி மாதத்துச் சாயங்கால வெயிலில் மீனம்பாக்கம் விமான நிலையத்தை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் விமானம் ஏறப் போகிறவர்கள். சக்கரம் வைத்த பெட்டிகளை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் ஒதுங்கிப் போனார்கள். ஒதுங்கியது என்னைப் பார்த்தா, பழத்தைப் பார்த்தா என்பது இன்றுவரை தெரியாது.

எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கோழிக்கோட்டில் ஓட்டல், ஆந்திராவில் போர்வெல் லாரி. ஒன்பதாம் வகுப்பையே அரைப் பரீட்சையோடு அப்படித்தான் விட்டு நடந்தேன். ஆனால் அந்த இடங்களுக்கெல்லாம் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறேன். போய்ச் சேராத இடத்திலிருந்து திரும்பி வந்தது அது ஒன்றுதான். அந்த இடத்தின் பெயர் மங்கோலியா.

ரெண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். சுரங்கத்துக்குள்ளே மண்ணைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட்டுக்கு அடியில், சிந்துகிற மண்ணை வாரி மறுபடி பெல்ட்டின்மேல் போடுகிற வேலை. நான் வாருவேன், அது சிந்தும். ரெண்டு பேரும் சளைக்கவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், டிவியில் புல் ஓடியது. புல் என்றால் அப்படி ஒரு புல். கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும் ஒரு வேலி இல்லை, கம்பம் இல்லை, சர்வே கல் இல்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு வட்டக் கூடாரம். அதற்கு முன்னால் ஒரு குதிரை, எந்த ஷிஃப்ட்டுக்கும் போக வேண்டாத முகத்தோடு நின்றிருந்தது.

பேசுகிறவர் சொன்னார்: இந்த மேய்ச்சல் நிலம் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் மந்தையை ஓட்டிக்கொண்டு போகலாம்.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. தாத்தா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார், அப்பா அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினார், நான் நிலத்தையே தோண்டி எடுத்துவிட்ட பள்ளத்தில் மண் வாரினேன். யாருக்கும் பட்டா இல்லாத நிலம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. அதைப் போய் ஒரு தரம் பார்த்து, அதன்மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு வந்தால் போதும் என்று பட்டது. (இதை இப்போது எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் சொன்னபோது அப்படி இல்லை.)

வீடு என்றால் அக்கா வீடு. முத்தாண்டிக்குப்பத்தில் அஞ்சலை அக்காவோடும் கலியமூர்த்தி மாமாவோடும்தான் இருந்தேன். மாமா முந்திரித் தோப்புகளில் காவலும் அறுவடையும் பார்த்துக்கொண்டிருந்தவர். புயலில் மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்த பிறகு, காவல் காக்க எதுவும் இல்லாமல் வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"புல்லப் பாக்கவா பிளேன் ஏறுவாங்க?" என்றாள் அக்கா. "நம்மூரு ஏரிக்கரையில இல்லாத புல்லாடா?"

"அது வேறக்கா. அது யாருதும் கெடையாது."

மாமா முதன்முறையாக ஆர்வம் காட்டினார். "பட்டா கெடையாதா?"

"கெடையாது மாமா."

"புறம்போக்கா?"

"கிட்டத்தட்ட."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நாம போயி சட்டுனு வேலி போட்டுட்டா?"

அக்கா அன்று ராத்திரி சோறு போடும்போது முடிவைச் சொன்னாள். "போறதுன்னா போ. நான் வேணான்னு சொன்னா மட்டும் நிக்கவா போற. ஆனா வெளிய யாராண்டயும் புல்லப் பாக்கப் போறேன்னு சொல்லிக்கினு திரியாத. வேலைக்குப் போறேன்னு சொல்லு. எனக்கும் நாலு பேரு மத்தியில மானம் மருவாதி இருக்குது."

அவள் சம்மதித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. நான் போனால் என் இடம் காலியாகும். அந்த இடத்தில் மாமாவை ஏற்றிவிடலாம்.

கான்ட்ராக்ட்டில் ஆள் எடுப்பது தனகோட்டி மேஸ்திரி. வாழ்நாளில் பாதியை நைட் ஷிஃப்ட்டில் கழித்த மனிதர். பகலில் பேசும்போதும் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டே பேசுவார். நான் போய் விஷயத்தைச் சொன்னதும், "மாமனையா?" என்று இழுத்தார்.

"ஆமாங்க மேஸ்திரி."

"அந்தாளு மம்முட்டி புடிக்கிற அழக ஒரு கலியாண வூட்டுல அடுப்புக்கு மண்ணு வெட்டும்போது பாத்தன். கரண்டி புடிக்கிற மாதிரி புடிக்கிறாரு."

"பழகிக்குவாருங்க. அக்கா வூட்டுல ரொம்பக் கஷ்டங்க."

"சரி, ஒனக்கோசரம் ஏத்திக்கிறேன். திங்கக்கெழம காலையில மொத ஷிஃப்ட்டுக்கு வரச் சொல்லு. ஆனா ஒண்ணு. நீ மெய்யாலுமே போயிருக்கணும். நீ ஊருல இருந்துக்கினு மாமன அனுப்புனீன்னு வையி, அவர எறக்கிட்டு ஒன்னத்தான் இழுத்துக்கினு போவன். எனக்கு வேல நடக்கணும்."

"நான் போயிடுவங்க."

"ஒரு தரம் உள்ள எறங்கி, பேரு ஏறிட்டா அப்பறம் நான் எறக்க மாட்டேன். அதுக்கு மின்ன நீ என் கண்ணுல படக்கூடாது."

இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்திருந்தேன்.

பயணத் திட்டம் முழுவதும் நெய்வேலி நகரியத்தில் நெட் சென்டர் வைத்திருந்த பாஸ்கர் தலைமையில் நடந்தது. பாஸ்கர் கடலூரைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத ஊர் கிடையாது. நான் வேலை முடித்து அழுக்குச் சட்டையோடு போய் உட்காருவேன். அவன் படம் படமாகத் திறப்பான். ஆடி ஆவணியில்தான் புல் பச்சையாக இருக்கும், பிறகு வெளுத்துவிடும். அப்புறம் வருகிற குளிரில் மூக்கே உதிர்ந்துவிடும் என்றான். அங்கே டீயில் சர்க்கரை கிடையாது, உப்புப் போட்டுத்தான் குடிப்பார்கள் என்றான். குதிரைப் பாலைப் புளிக்க வைத்துக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்றான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பயிற்சி எடுத்தேன். டீக்கடையில் உப்புப் போட்ட டீ கேட்டேன். மாஸ்டர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "வயித்தால போவுதா?" என்றார். இல்லை என்றேன். போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு போனது. குளிருக்குப் பழக, கடலூர் மீன்பிடித் துறைமுகத்தில் தெரிந்தவர் ஐஸ் கம்பெனிக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வெளியே வந்தபோது என்மேல் அடித்த வாடைக்கு, திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட் எனக்குத் தனியாகக் கிடைத்தது. குதிரை ஏற்றத்துக்கு ஊரில் குதிரை இல்லை. பக்கத்து வீட்டு எருமையிடம் பேச்சுவார்த்தை நடத்தினேன். அது உடன்படவில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். "எந்த நாட்டுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அங்க நம்மாளுங்க யாரு இருக்கா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்ப ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துக்குவா?" என்று கவலைப்பட்டார். நல்ல மனிதர்.

விசாவும் டிக்கெட்டும் புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட் மூலம் வந்தன. கட்டிவந்த சீட்டை எடுத்து மொத்தமாகக் கொடுத்தேன். அந்தக் கணக்குக்குள் இப்போது போக வேண்டாம். டிக்கெட்டைப் பாஸ்கர்தான் அச்செடுத்துக் கொடுத்தான். அன்று டீக்கடையில் அதைச் சுற்றி ஒரு கூட்டம். மேஸ்திரியும் இருந்தார், மாமாவும் இருந்தார்.

டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டு, பக்கத்தில் 00.40 என்று இருந்தது.

"சைபர் நாப்பதுன்னா எப்ப?" என்றார் மாமா.

"பன்னெண்டு மணி தாண்டி நாப்பது நிமிஷம் மாமா. ராத்திரி," என்றான் பாஸ்கர்.

மேஸ்திரி டிக்கெட்டை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நைட் ஷிஃப்ட்டு," என்றார். "நடுவுல ஒரு டீ வருமே, அந்த நேரம். ஞாயித்துக்கெழம நைட் ஷிஃப்ட்டு."

"அப்ப ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்ட்டுட்டுக் கெளம்புனா சரியா இருக்கும்," என்றார் மாமா.

"தாராளமா இருக்கும்."

அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரை இதற்குக் குறை சொல்லவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போவான், திங்கள் விடிந்து வருவான். இடையில் எத்தனை மணிக்கு எழுப்பி இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்லுவான். பன்னிரண்டு மணி அடித்தால் கிழமை மாறிவிடும் என்பதெல்லாம் ராத்திரியில் தூங்குகிறவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். எங்களுக்கு ஷிஃப்ட் மாறினால்தான் கிழமை மாறும். தலைமுறை தலைமுறையாக நைட் ஷிஃப்ட் பார்த்த ஓர் ஊரே கூடி நின்று அந்த டிக்கெட்டைப் படித்தது. ஊரே கூடித் தப்பாகப் படித்தது.

அடுத்த வேலையை அக்கா பார்த்தாள். வெளிநாடு போகிறவனுக்கு ஃப்ளெக்ஸ் வைக்காமல் அனுப்பினால் என்ன மரியாதை என்றாள். ஸ்டுடியோவில் என்னை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் காலைப் பரப்பி உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஸ்டூலை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் வருகிற வெள்ளைக் குதிரை, நெற்றியில் ஜிகினாவோடு. ஸ்டுடியோவில் மங்கோலியா இல்லாததால் பின்னால் சுவிட்சர்லாந்து. மேலே, "மங்கோலிய மண்ணில் பணிபுரியச் செல்லும் எங்கள் மண்ணின் மைந்தன் ராஜாங்கம் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் ஒன்று, நகரியத்துக்குள் நுழையும் ஆர்ச் கேட்டுக்கு எதிரே ஒன்று. ஒரு ஓரத்தில் தனகோட்டி மேஸ்திரியின் தலையும் வட்டத்துக்குள் சிரித்தது. (அவர் பங்கு கொடுத்திருந்தார்.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் பிரியாணி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு விமானம் போனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, "ராஜாங்கம், இதுமாதிரி ஒண்ணுலதான் ராத்திரி நீ போவ," என்றார்கள். நானும் கையில் லெக்பீஸோடு அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்த நேரத்துக்கு என் சீட், என்னை விட்டுவிட்டுத் தனியாகப் பாதித் தூரத்துக்குமேல் போயிருக்கும்.

கிளம்பும்போது அக்கா கொல்லைப்பக்கம் போய், புயலுக்குத் தப்பி நின்ற ஒற்றைப் பலாமரத்திலிருந்து ஒரு பழத்தை இறக்கி வந்து தோளில் வைத்தாள். "வெறுங்கையோட ஒருத்தர் வூட்டுக்குப் போவக்கூடாது. கூடாரத்துல தங்க வைக்கிறாங்கல்ல, அவங்களாண்ட குடு." பையின் எடை கூடும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பாஸ்கர் வழி வைத்திருந்தான். துணியை எல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டால் கணக்கில் வராதாம். அப்படித்தான் ரெண்டு ஸ்வெட்டரோடு பஸ் ஏறினேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஸ்வெட்டரைப் பிழிந்தால் ஒரு குடம் வரும்.

ராத்திரி விமானத்துக்கு, வெயில் இருக்கும்போதே போய் நின்றேன். வாசலில் துப்பாக்கியோடு இருந்த காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது போயிடுச்சேப்பா."

"எங்கங்க?"

"ஃப்ளைட்டு. நேத்து ராத்திரியே போயிடுச்சு."

"நேத்து ராத்திரி சனிக்கெழமங்க. எனக்கு ஞாயித்துக்கெழம."

"சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல என்ன கிழமை?"

"சனிக்கெழமதாங்க. விடிஞ்சாத்தான ஞாயிறு."

"எந்த ஊர்ல?"

"நெய்வேலிங்க."

அவர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் வந்த ரெண்டு பேரை உள்ளே அனுப்பினார். பிறகு திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, இங்க பன்னெண்டு மணிக்குக் கிழமை மாறிடும்." உடம்புக்கு முடியாதவனிடம் சொல்வது போல இருந்தது. விமானக் கம்பெனி ஆளையும் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். அந்த டிக்கெட் செத்துவிட்டது, இனி அதற்கு உயிர் கிடையாது. போகும்போது பலாப்பழத்தைக் காட்டி, "இதை எங்க எடுத்துட்டுப் போற?" என்று கேட்டார். மங்கோலியாவுக்கு என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்படித்தான் அந்தச் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நடக்கும்போது எனக்குப் புல் ஞாபகம் வரவில்லை. மாமா ஞாபகம் வந்தது. விடிந்தால் திங்கட்கிழமை. காலை முதல் ஷிஃப்ட்டில் மாமா உள்ளே இறங்க வேண்டும். அதற்கு முன்னால் நான் மேஸ்திரி கண்ணில் பட்டால், மாமாவை இறக்கிவிட்டு என்னை ஏற்றிவிடுவார். அக்கா மறுபடி அடுத்த வீட்டில் அரிசி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மங்கோலியா போனது போகட்டும், அது எங்கேயும் போகாது. மாமாவுக்குக் கிடைத்த இடம் போனால் திரும்பாது.

சென்னையிலேயே ஒரு நாள் ஒளிந்திருக்கலாம்தான். ஆனால் கையில் இருந்ததெல்லாம் டாலர். டீக்கடையில் நீட்டினேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, டீயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ரூபாயாக மிச்சம் இருந்தது பஸ்ஸுக்குத்தான் சரியாக இருந்தது.

சீக்கிரம் ஊர் போய்ச் சேரக் கூடாது என்று தாம்பரத்தில் நடுராத்திரி வரை காத்திருந்து, பஸ் ஏறி உட்கார்ந்ததும் அக்கா போன் பண்ணினாள்.

"ஏறிட்டியாடா?"

"ஏறிட்டேன்க்கா." (ஏறியிருந்தேன்.)

"ஜன்னலாண்டயா?"

"ஆமாக்கா."

"கைய கிய்ய வெளிய நீட்டாத. என்னா தெரியுது கீழ?"

"இருட்டா இருக்குதுக்கா."

"யாரோ திண்டிவனம் திண்டிவனம்னு கத்துறானே."

"பிளேன் அந்தப் பக்கமாத்தான் போவுதாம்."

"மாமா இன்னும் தூங்காம சட்டய தொவச்சி காயப் போட்டுக்கினு இருக்குது. காலையில வேலைக்குப் போவணும்ல. சரி, பழம் பத்தரம்," என்று வைத்துவிட்டாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினேன். பஸ் ஸ்டாண்டில் தூங்குவதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. முதல் ஷிஃப்ட் உள்ளே போன பிறகு ஊர் போய்ச் சேருவது என்பது திட்டம். ஆனால் எனக்குக் கிடைத்த பஸ்ஸின் டிரைவர், தவறவிட்ட என் விமானத்தைத் துரத்திப் பிடிக்கிறவர் போல ஓட்டினார். வெளுக்கும்போதே பண்ருட்டி தாண்டிவிட்டது.

இரவெல்லாம் ஸ்வெட்டர் சூட்டில் பழம் நன்றாகக் கனிந்திருந்தது. காடாம்புலியூரில் ஏறிய ஓர் அம்மாள், முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர் போலிருக்கிறது, விரலெல்லாம் கறுத்திருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முகத்தை மறைக்கக் குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். இப்படி ஒரு புத்திசாலித்தனம் எனக்கு மட்டும்தான் வரும். முத்தாண்டிக்குப்பம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அதே குல்லாவோடு, அதே ஸ்வெட்டரோடு, நான் ஆளுயரத்துக்குக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, குதுரமேல ஒக்காந்துக்கினு இருக்குற ஆளு நீதான?"

"இல்லீங்க. அது எங்க அண்ணன்."

"போயிட்டாரா?"

"போயிட்டாருங்க."

"ஒன்ன இட்டுக்கினு போவலியா?"

"இல்லீங்க."

"குல்லாவ மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரா," என்று வருத்தப்பட்டார்.

ஆர்ச் கேட்டில் இன்னொரு நான் இருந்ததால் அங்கே இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வடலூர் வரை போய் இறங்கி, கிளைச் சாலை வழியாகத் திரும்பி நடந்தேன். யாரும் வராத இடமாக வேண்டும். சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி, ஊரைச் சுற்றி மலை மலையாக மண்மேடுகள் நிற்கின்றன. பழைய மேடுகளில் மரம் வளர்ந்துவிட்டது. புதுசு ஒன்று மொட்டையாக, சிவப்பும் சாம்பலுமாகச் சரிந்து கிடந்தது. அதன் அடிவாரத்தில் போய், பழத்தைப் பக்கத்தில் வைத்து, மாமா உள்ளே இறங்கும் நேரம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷன் இல்லை. நிம்மதியாக இருந்தது.

சூரியன் மேலே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள், அவர்கள் காலடியில் வேரோடு பிடுங்கிய புல் கட்டுகள். முன்சீட்டிலிருந்து இறங்கியவர் தனகோட்டி மேஸ்திரி.

நான் மேட்டோடு மேடாகப் படுத்துக்கொண்டேன். மொட்டை மேட்டில் அதற்கு வழியில்லை. அதற்குள் லாரியிலிருந்து ஒரு பெண், "பலாப்பழ வாசன வருது," என்றாள். எல்லோரும் மூக்கை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மேஸ்திரி வந்து நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ போவல?"

"மாமாவ எறக்கிடாதீங்க மேஸ்திரி. நான் எங்கனா போயிடறேன். இப்பவே வேணும்னாலும் போயிடறேன்."

"ஒங்க மாமன இப்பத்தான் உள்ள எறக்கி வுட்டுட்டு வர்றேன். பேரு ஏத்தியாச்சி. மம்முட்டிய இன்னும் கரண்டி மாதிரிதான் புடிக்கிறாரு. கத நீ சொல்லு. ஏன் போவல?"

மூச்சு வந்தது. சொன்னேன். காவலர் சொன்னதை அப்படியே சொன்னேன். மேஸ்திரியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. என்னைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழமன்னு போட்டுக்கினு சனிக்கெழம ராத்திரியே வண்டிய எடுத்துட்டானா?"

"ஆமாங்க."

"யாரக் கேட்டு எடுத்தான்?"

"பன்னெண்டு மணிக்கு மேல கெழம மாறிடுதாங்க."

"நடு ஷிஃப்ட்டுல எப்படிடா மாறும்? அப்ப பாதி ஷிஃப்ட்டு சனிக்கெழம, பாதி ஷிஃப்ட்டு ஞாயித்துக்கெழமயா? கூலி எந்த நாளுல எழுதுவான் அவன்?"

லாரியில் இருந்த பெண்களும் இது அநியாயம் என்றார்கள். விமானக் கம்பெனி அங்கே இருந்திருந்தால் அன்று அடி வாங்கியிருக்கும். பிறகு மேஸ்திரிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. டிக்கெட்டைக் கையில் வாங்கி நைட் ஷிஃப்ட் என்று முதலில் சொன்னவர் அவர்தான். தலையைச் சொறிந்துகொண்டார்.

"நாஞ்சொன்னதக் கேட்டுத்தான போன," என்றார் சின்னக் குரலில்.

"இருக்கட்டுங்க."

"என்னா இருக்கட்டும்? சீட்டுப் பணம் மொத்தத்தையும் கொண்டும்போயிக் கொட்டிட்டு." லாரியைக் காட்டினார். "இந்த மேட்டுல புல்லு நடணும். மழைக்குள்ள புடிக்க வைக்கலன்னா மண்ணு மொத்தமும் சரிஞ்சி ரோட்டுக்கு வந்துடும். நேத்துதான் எடுத்தன் இந்த வேலைய. ஆம்பள ஆளு ஒண்ணு கொறயுது. வர்றியா?"

இந்த விஷயம் அன்று மத்தியானமே ஊருக்குப் போய்விட்டது. சாயங்காலம் மாமா முதல் நாள் வேலை முடிந்து, கையெல்லாம் கொப்புளத்தோடு வந்தார். என்னைப் பார்த்ததும், "வேலி போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். அக்கா நாலு நாள் பேசவில்லை. பேசியபோது முதலில் கேட்டது பலாப்பழம் என்ன ஆனது என்பதுதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்தால், "எந்த ஷிஃப்ட்டு கணக்குல போட்டுருக்கான்னு பாரு," என்பாள். அந்த மேட்டுக்கு ஊரில் மங்கோலியா என்றே பெயர் நின்றுவிட்டது. ஆடு தொலைந்தால், "மங்கோலியா பக்கம் போயிப் பாரு," என்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், ஒரு பக்கத்துக்கு முழுசாகப் பச்சை தெரியும். வேலி கிடையாது.

ஆனால் அன்று காலையில் அது வெறும் மண். நான் குல்லாவைக் கழற்றினேன், ரெண்டு ஸ்வெட்டரையும் கழற்றினேன். அந்தப் பெண்கள் பலாப்பழத்தைப் பிளந்து, "ஊரு போயி சேந்துட்டியே, சாப்புடு," என்று முதல் சுளையை எனக்குக் கொடுத்தார்கள். தின்று, கையில் ஒட்டிய பாலை மண்ணில் தேய்த்துவிட்டு, ஒரு புல் கட்டைப் பிரித்தேன். மேஸ்திரி சாண் இடைவெளியில் குழி போட்டுக் காட்டினார். மேட்டின் அடியிலிருந்து ஆரம்பித்து, மேலே பார்க்காமல், ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு போனேன்.